கப்பலேறிய பக்தி, கரையில் நின்ற இல்லறம்

1965 ஆகஸ்ட் 13 அன்று கல்கத்தாத் துறைமுகத்தில் அமெரிக்கா செல்லும் 'ஜலதூதா' என்ற சரக்குக் கப்பலில் ஏறியபோது ஏ.சி. பக்திவேதாந்த சுவாமிக்கு வயது 69-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. சிந்தியா கப்பல் நிறுவனத்தை நடத்திய சுமதி மொரார்ஜி இலவசமாக இடம் கொடுத்திருந்தார். கையில் 40 ரூபாய். பெட்டிகளில் அவரே ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சடித்த பாகவதத்தின் முதல் ஸ்கந்தம். நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து பிழைத்தார். பிற்காலத்தில் உலகம் பிரபுபாதர் என்று அழைத்த இவருடைய வரலாற்றை அடியார்கள் இந்த இடத்திலிருந்து அற்புதமாகச் சொல்லத் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த அற்புதத்தைவிட, அவர் எதைக் கொண்டு போனார், எது கரையிலேயே நின்றுவிட்டது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

அவருக்கு முன்னால் போனவர்கள் சுமையைக் குறைத்துக்கொண்டு போனார்கள். 1893-இல் சிகாகோ சென்ற விவேகானந்தர் வேதாந்தத்தை முன்வைத்தார். 1920-இல் சென்ற யோகானந்தர் கிரியா யோகத்தைக் கற்பித்தார். மேடைப் பேச்சும் தியானமும் அமெரிக்கர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. பிரபுபாதரோ எதையும் கழிக்கவில்லை. குடுமி, நாமம், துளசி மாலை, விக்கிரகம், நைவேத்தியம், ஏகாதசி விரதம் எல்லாம் அப்படியே போயின. புலால், போதை, சூது, முறையற்ற உடலுறவு நான்கும் கூடாது. நாளொன்றுக்கு 16 சுற்று ஜபம். ஒரு சுற்றுக்கு 108 மணி. ஆக 1,728 முறை ஹரே கிருஷ்ண மகாமந்திரம். பழகியவருக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். காபி, தேநீர்கூடக் கிடையாது. இதை அவர் யாரிடம் கேட்டார்? 1966-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், எல்.எஸ்.டி.யில் மிதந்துகொண்டிருந்த இளைஞர்களிடம்.

செகண்ட் அவென்யூ 26-ஆம் எண் கடையில் முந்தைய பரிசுப்பொருள் கடைக்காரர் மாட்டிய பலகைகூட இறங்கவில்லை. அந்த அறையில்தான் அவருடைய இஸ்கான் இயக்கம் தொடங்கியது. சுவாமி தாமே சப்பாத்தி இட்டு, பருப்பும் காய்கறியும் சமைத்துப் பரிமாறினார். அனுமதிக் கட்டணம் இல்லை. முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை. வந்தவர் பாடலாம், ஆடலாம், சாப்பிடலாம். டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் ஓர் எல்ம் மரத்தடியில் நடந்த கீர்த்தனத்துக்குக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிஷ்யை இறக்குமதிச் சாமான் கடையில் ஒரு சின்னப் பொம்மையைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். சுவாமி அதை ஜகந்நாதர் என்று அடையாளம் கண்டு கும்பிட்டார். அதை மாதிரியாக வைத்து இன்னொரு சீடர் பெரிய மூர்த்திகளைச் செதுக்க, 1967 கோடையில் ஒரு லாரியே தேராகி அந்த ஊரில் ரத யாத்திரை நடந்தது. பூரியில் அந்நியருக்குக் கோயில் கதவு திறக்காத ஜகந்நாதர், அமெரிக்கத் தெருவில் அவர்கள் கையாலேயே உருவாகி வந்தார். பிறப்பைப் பாராமல் தீட்சையும் பூணூலும் கொடுத்தது, பெண்களுக்கு மந்திரமும் பூஜை உரிமையும் கொடுத்தது இரண்டையும் எந்தக் குறையைக் கண்டபோதும் நாம் மறக்கக் கூடாது. அந்நிய மண்ணில் எதையும் நீர்த்துப்போகச் செய்தால்தான் எடுபடும் என்ற எண்ணத்தை அவர் பொய்யாக்கினார். கடுமைதான் அந்த இளைஞர்களை இழுத்தது. வாழ்க்கை முழுவதையும் கேட்ட ஒருவரை அவர்கள் அதுவரை சந்தித்ததில்லை.

அவருடைய நூலிலும் இந்தக் கறார்த்தன்மை உண்டு. 1972-இல் மாக்மில்லன் முழுமையாக வெளியிட்ட அவருடைய கீதை, தமிழில் 'பகவத் கீதை உண்மையுருவில்' என்று கிடைப்பது, மூல சுலோகம், பதவுரை, மொழிபெயர்ப்பு, விளக்கம் என்று எல்லாவற்றையும் வாசகன் முன் வைக்கிறது. இது நேர்மையான முறை. ஆனால் உண்மையுருவம் என்ற உரிமைகோரலை என்னால் ஏற்க முடியவில்லை. விஷ்ணுவுக்கும் மூலம் கிருஷ்ணனே என்பது, சைதன்யர் வழிவந்த அவருடைய கௌடீய மரபின் துணிபு. ராமானுஜரின் உரையோடு வளர்ந்த வைணவர் அதை ஒப்பமாட்டார். ஓர் அருமையான மரபின் உரை என்று சொல்லியிருந்தால் போதும்.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. பக்தி நம் நாட்டில் மடத்தால் மட்டும் வாழவில்லை. சைதன்யர் திருவரங்கத்தில் நான்கு மாதம் தங்கியது வேங்கட பட்டர் என்ற இல்லறத்தாரின் வீட்டில்தான் என்று கௌடீய மரபு சொல்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை கோபால பட்டர்தான் பின்னாளில் பிருந்தாவனத்துக் கோஸ்வாமிகள் அறுவரில் ஒருவர். பிரபுபாதரின் குருபரம்பரையில் ஒருவரான பக்திவினோத தாகூர் ஆங்கிலேய அரசில் மாஜிஸ்திரேட், பெரிய குடும்பஸ்தர். பிரபுபாதரே 1959-இல் சந்நியாசம் வாங்கும் முன் மருந்து வியாபாரம் செய்து பிள்ளை வளர்த்தவர். இத்தனை இல்லறத்தார் தாங்கிய பக்தி அமெரிக்கா போனபோது, தாங்குகிற வீடு கூடப் போகவில்லை. தாத்தா இல்லை, பாட்டி இல்லை, தட்டிக் கேட்க அத்தை மாமா இல்லை. இருபது வயதுக்காரரை இருபத்தைந்து வயதுக்காரர் ஆண்டார். சந்நியாசம் உயர்வென்றும் மனைவி மக்கள் தடையென்றும் ஒரு மனப்போக்கு 1970-களில் கோயில்களுக்குள் பரவியது. தொடக்கத்தில் முன்னால் நின்று பாடிய பெண்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். காலைதோறும் உலகமெங்கும் இஸ்கான் கோயில்களில் ஒலிக்கிற 'கோவிந்தம்' பதிவில் கேட்பது யமுனா தேவி என்ற பெண்ணின் குரல் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

புத்தக விற்பனைதான் பக்தியின் அளவுகோலாயிற்று. விமான நிலையங்களில் வேட்டியைக் கழற்றி, மொட்டைத் தலையை டோப்பாவால் மறைத்துக்கொண்டு பயணிகளை மடக்கினார்கள். எந்தக் கோயில் எத்தனை விற்றது என்று கணக்கு வந்தது. அதிகம் விற்றவர்களைக் குருவே பாராட்டி எழுதினார். புத்தகம் விற்கப் பெற்றோர் தெருவில் நிற்க வேண்டுமென்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 1971-இல் டல்லஸில் குருகுலம் திறந்தது. ஐந்து வயதிலேயே தாயிடமிருந்து பிரித்து அனுப்பினார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள், பெரும்பாலும் விற்பனைக்கு உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், ஆசிரியர்களாக அமர்ந்தார்கள். அடி, பட்டினி, பாலியல் கொடுமை எல்லாம் அங்கும் பிற குருகுலங்களிலும் நடந்தன. அடிக்கக் கூடாது என்று பிரபுபாதர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவை அவருடைய மனத்தைக் காட்டுகின்றன, பொறுப்பைக் கழுவிவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கோயில் என்ற வேகம் அவருடையது. அந்த வேகத்துக்குத்தான் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

மூளைச்சலவை என்று இயக்கத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை 1977-இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது சரியே. வளர்ந்தவர் தம் வழியைத் தாமே தேர்ந்தார். குருகுலத்துப் பிள்ளைகள் எதையும் தேரவில்லை. அந்த வழக்கின் கூச்சலில் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாமல் போனதுதான் கொடுமை.

1977 நவம்பரில் அவர் மறைந்தபின் பதினொரு சீடர்கள் உலகைப் பங்குபோட்டுக் குருபீடம் ஏறினார்கள். பத்தாண்டுக்குள் பலர் சறுக்கினர். அவர்களில் ஒருவரான, அமெரிக்காவில் நியூ விருந்தாபனம் என்ற குடியிருப்பை ஆண்ட கீர்த்தனானந்தர் 1987-இல் விலக்கப்பட்டு, 1996-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

1998-இல் இஸ்கானின் சொந்த இதழே குருகுலக் கொடுமைகளைப் பற்றிச் சமூகவியலாளர் பர்க் ரோச்ஃபோர்டின் ஆய்வை அச்சிட்டது. அதே ஆண்டு குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி அலுவலகம் வந்தது. வழக்கு தொடுத்தவர்களுக்கு 2005-இல் 90 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு முடிவாயிற்று. தன் வெட்கத்தைத் தானே அச்சிட எத்தனை மடங்களுக்கு மனம் வரும்? அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்; அது இருபது ஆண்டு தாமதமாக வந்தது என்பதையும் சேர்த்தே மதிக்கிறேன்.

பிரபுபாதர் கரையிறங்கிய சில வாரங்களில், 1965 அக்டோபர் 3 அன்று, அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. அந்தச் சட்டத்தால் வந்த இந்தியக் குடும்பங்கள்தான் 1980-களில் தள்ளாடிய கோயில்களைத் தாங்கின. பாட்டியும் பேரனும் சேர்ந்து வந்தார்கள். உண்டியலும் அடுப்படியும் நிறைந்தன. முதலில் இல்லாமல் போன இல்லறம் இப்படித் தாமதமாக வந்து சேர்ந்தது. ஆனால் அந்தக் குடும்பங்களில் பலருக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் கோயில். 16 சுற்று ஜபம் அவர்களிடம் யாரும் வற்புறுத்தாத விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் மரம் செதுக்கிய தலைமுறைக்கு அமெரிக்கரிடையே வாரிசு குறைவு. பிள்ளை குட்டியோடு, வேலைக்குப் போய்க்கொண்டே அந்த முழு ஜபத்தையும் செய்கிறவர்களைக் குருபீடத்தில் சந்நியாசிக்குச் சமமாக உட்காரவைக்க இயக்கம் இன்னும் தயங்கித் தயங்கித்தான் நகர்கிறது. பக்திவினோதரின் படத்தைத் தினமும் கும்பிடுகிறவர்களுக்கு இதில் தயக்கம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.