காவல் என்னும் சொல்லும் காட்சிப் பொருளும்: எழும்பூர்க் காவல் அருங்காட்சியகம் குறித்த ஒரு திறனாய்வு

சென்னை மாநகரக் காவல் ஆணையரகம் 2013-இல் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்த பின், எழும்பூரில் அது இயங்கிவந்த பழைய கட்டடம் புதுப்பிக்கப்பெற்று, 2021 செப்டம்பர் 28 அன்று காவல் அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது. சீருடைகள், பதக்கங்கள், வாள்கள், துப்பாக்கிகள், கம்பியில்லாக் கருவிகள், கள்ளநோட்டு அச்சிடும் பொறி ஆகியன இங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இவை அரிய பொருள்கள்தாம். இவற்றைத் திரட்டிப் பேணிய உழைப்பும் மதிக்கத்தக்கது. எனினும், காவலின் வரலாற்றைப் பொருள்களைக் கொண்டே சொல்லிவிட இயலுமா என்ற வினாவை இக்காட்சி எழுப்புகிறது.

காட்சிப் பொருள்களைவிடக் கட்டடமே கூடுதலாகப் பேசுகிறது எனலாம். அருணகிரி முதலியார் என்பவருக்கு உரிய இவ்விடம் 1842-இல் மாதம் 165 ரூபாய் வாடகைக்குப் பெறப்பட்டு, 1856-இல் 21,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கான காவல் சட்டம் (1856-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம்) இயற்றப்பட்டதும் இவ்வாண்டிலேயே. லெப்டினன்ட் கர்னல் போல்டர்சன் சென்னையின் முதல் காவல் ஆணையரானார். எனவே நகரக் காவலின் கதையை 1856-இல் தொடங்குவது இயல்பாகவே தோன்றும். அந்த இயல்பில்தான் சிக்கல் உள்ளது.

நகரின் காவல் அதற்கு முன்பே இருந்தது. கம்பெனியின் தொடக்கக் காலத்தில் பெத்தநாயக்கன் என்னும் காவல் தலைவனும் அவன்கீழ் இருந்த தலையாரிகளும் இரவுக் காவல் புரிந்தனர். நகருக்குள் வரும் சரக்குகள்மீது பெற்ற மகமை அவர்களுக்கு ஊதியமாயிற்று. களவுபோன பொருளுக்கு ஈடுகட்டும் பொறுப்பும் பெத்தநாயக்கனையே சார்ந்தது. கல்வெட்டுகளில் காணும் பாடிகாவல் மரபை நினைவூட்டும் ஏற்பாடு இது. களவைத் தடுக்கத் தவறியவன் தன் கைப்பொருளை இழக்க வேண்டும் என்ற அவ்விதி, சீருடைக் காவலில் இடம்பெறவில்லை. பெத்தநாயக்கன்பேட்டை என்ற ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது.

இதைவிட முதன்மையானது 1855. சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த சித்திரவதைகள் குறித்து 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, அவ்வாண்டில்தான் தன் அறிக்கையை அளித்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர். வரி தண்டுவோரும் காவல் புரிவோரும் ஒரே கையினராக இருந்தமையே கொடுமைக்கு வேர் என்று குழு கண்டது. நிலத்தீர்வை செலுத்த இயலாத உழவரும், குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுத்தவரும் ஒரே வகை வதைக்கு ஆளாயினர். இவ்வறிக்கையே மாகாணக் காவல் சீரமைப்புக்கு வித்திட்டது. 1859-இல் மாவட்டங்களுக்கான தனிக் காவல் சட்டம் வந்தது. அதேவேளை, பழியை உள்ளூர்ப் பணியாளர் மீதே சுமத்தி ஆங்கில அதிகாரிகளை விடுவித்த ஆவணமும் இதுதான். குழுவின் எலியட், சென்னையின் தலைமைக் குற்றவியல் நடுவராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். அவர் பெயர் தாங்கிய கடற்கரையில் இன்று மாலைக் காற்று வாங்குவோர் பலரும் இத்தொடர்பை அறியார்.

தமிழாய்வுக்கு இவ்வறிக்கை மற்றொரு வகையிலும் பயன்படும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அது, மிகுதியாகக் கையாளப்பட்ட இரு வதைமுறைகளைக் குறிக்கக் கிட்டி, அண்ணாந்தாள் என்னும் தமிழ்ச் சொற்களையே எடுத்தாள்கிறது. கிட்டி என்பது கோல்களுக்கிடையே விரல் முதலிய உறுப்புகளை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்பது உடலைக் குனியவைத்துக் கயிற்றால் பிணைத்து நிறுத்துவது. இவற்றுக்குத் தேவைப்பட்டவை இரண்டு கோல், ஒரு கயிறு, முதுகில் ஏற்ற ஒரு கல். கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத்தக்க பொருள் எதுவும் இதில் இல்லை. வாளுக்குக் கைப்பிடியும் உறையும் உண்டு, வழங்கிய ஆண்டும் உண்டு. ஆகவே அது அருங்காட்சியகத்தை எளிதில் அடைகிறது. கயிறோ வேலை முடிந்ததும் மாட்டுத் தொழுவத்துக்கே திரும்பிவிடுகிறது. பொருள்களை மட்டும் நம்பும் காட்சியமைப்பு, காப்போரின் பக்கம் சாய்வதற்குத் தொகுப்பாளரின் நோக்கம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எது எஞ்சுகிறது என்பதே போதும்.

காவல் என்ற சொல் காப்பதையும் சிறைப்படுத்துவதையும் ஒருங்கே குறிக்கும். ‘ஊர்க்காவல்’ என்பதிலும் ‘காவலில் வைத்தனர்’ என்பதிலும் வருவது ஒரே சொல்தான். பதக்கமும் சீருடையும் முதற்பொருளை நன்கு விளக்குகின்றன. இரண்டாம் பொருள் பழங்கதையன்று: அருங்காட்சியகம் திறக்கப்படுவதற்குப் பதினைந்து மாதங்களுக்கு முன்னர்தான், 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் காவலர் பிடியில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். பள்ளி மாணவர்கள் கூட்டமாக வந்து காணும் ஓர் இடத்தில் இவ்விரண்டாம் பொருளுக்கும் அறை ஒதுக்குவது துறைக்கு இழுக்காகாது. 1855-ஐ ஏற்றுக்கொண்டதால்தானே 1856-இன் சீர்திருத்தம் பொருளுடையதாகிறது.

அதற்கான சான்றுகள் பொருளாக இல்லையெனினும் தாளாக உள்ளன. குழுவுக்கு வந்த முறையீடுகள் ஏறத்தாழ 2,000. கடிதம் எழுதியோர் பலர். எழுத இயலாதோர் நெடுந்தொலைவு கடந்து சென்னைக்கே வந்து, நேரில் நின்று வாக்குமூலம் தந்தனர்.