துடிப்பின் அடிவாரத்தைப் பாருங்கள்

மூளை நியூரானின் மின்பதிவை முதன்முதலில் பார்ப்பவர் கண் நேரே உச்சிக்குத்தான் போகும். மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் சும்மா கிடந்த கோடு, ஒரு மில்லிநொடிக்குள் விருட்டென்று எழுந்து, சுழியத்தைத் தாண்டி, பிளஸ் 30 வரைகூடப் போய்த் திரும்புகிறது. இதுதான் துடிப்பு. பார்க்க அழகுதான். ஆனால் கச்சேரியில் எடுப்பு எங்கே விழுகிறது என்று காத்திருக்கும் ரசிகரைப் போல, நீங்கள் கோட்டின் அடிவாரத்தைக் கவனியுங்கள். சோடியம் தன் குணத்தைக் காட்டுவது அங்கேதான்.

பதிவுகளுக்கு அலைய வேண்டாம். சியாட்டிலில் உள்ள ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் சுண்டெலி நியூரான்களின் பதிவுகளையும், அறுவைச் சிகிச்சையில் அகற்றிய மனிதத் திசுவில் எடுத்த பதிவுகளையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது.

பெருமூளைப் புறணியின் பிரமிடு நியூரான் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் செலுத்தியதும் கோடு சோம்பலாக மேலேறும். வெளியே மிகுந்திருக்கும் சோடியம் உள்ளே கசியப் பார்க்கும். பொட்டாசியம் வெளியேறி அதை ஈடுகட்டும். சில சமயம் கோடு சற்று எழுந்து, முடியாமல் படிந்துவிடும். அந்தத் தோற்றுப்போன முயற்சிகளையும் விடாதீர்கள். சோடியத்தின் கை ஓங்கிவிட்டால் கதை வேறு: நுழைந்த சோடியம் மின்னழுத்தத்தைக் கூட்ட, கூடிய மின்னழுத்தம் செல்லின் சவ்விலுள்ள சோடியம் கால்வாய்களை மேலும் திறக்க, கோடு சட்டென்று ஒடிந்து செங்குத்தாகும்.

ஏன் இவ்வளவு கூர்மையான ஒடிவு? துடிப்பு பிறப்பது பெரும்பாலும் செல்லின் உடலில் அல்ல. சில பத்து மைக்ரான் தள்ளி, செல்லின் நீண்ட இழையான ஆக்சானின் தொடக்கப் பகுதியில் சோடியம் கால்வாய்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. குறைந்த மின்னழுத்தத்திலேயே திறக்கும் இனமும் அங்கே உண்டு. அங்கே பிறந்தது பின்னோக்கி வந்து உடலையும் எழுப்புகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. மின்னழுத்தத்தைக் கிடை அச்சிலும், அது மாறும் வேகத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரையுங்கள். ஒவ்வொரு துடிப்பும் ஒரு வளையமாகும். ஏறும் பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தால் அது ஆக்சானுடையது. அதற்கு மேல் வருவது உடலுடையது. எனக்கு உச்சியைவிட அந்த மேடுதான் பிடிக்கும்.

சோடியம்தான் காரணம் என்று தெரிந்த கதையும் சுவையானது. 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் கணவாயின் தடித்த ஆக்சானுக்குள் மின்முனையைச் செலுத்தியபோது, கோடு சுழியத்தோடு நிற்காமல் தாண்டியது. பத்தாண்டு கழித்து ஹாட்ஜ்கினும் காட்ஸும் கடல்நீரில் சோடியத்தைக் குறைத்தார்கள், உச்சியும் தாழ்ந்தது. துடிப்பை விவரித்து 1952-இல் வெளியான சமன்பாடுகளுக்காக ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப்பொறியில்தான் துடிப்பின் வடிவத்தைக் கணக்கிட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லை!

திறந்த கால்வாய் ஓரிரு மில்லிநொடியில் தானே அடைத்துக்கொள்ளும். மீள நேரம் பிடிக்கும். அதனால் பிரமிடு நியூரானின் தொடர் துடிப்புகளில் பிந்தியவை குட்டையாவதைப் பார்க்கலாம். சிறுமூளையின் பர்கின்ஜி நியூரானோ யாரும் தூண்டாமலே நொடிக்குப் பல பத்து முறை துடிக்கும். அதன் ரகசியத்தில் ஒரு பங்கை 1997-இல் இந்திரா ராமனும் புரூஸ் பீனும் கண்டார்கள். கால்வாய் வழக்கம்போல் அடைத்துக்கொள்ளும் முன், உள்ளிருந்து ஒரு துணுக்கு வந்து வாயை மறிக்கிறது. மின்னழுத்தம் இறங்கும்போது அது விலக, சோடியம் இன்னொரு முறை உள்ளே பாய்கிறது. கால்வாயும் சீக்கிரமே அடுத்த துடிப்புக்குத் தயாராகிவிடுகிறது. ஆகவே இந்த நியூரானில் இரு துடிப்புகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைப் பாருங்கள்.

கடைசியாக, மற்ற நியூரான்களை அடக்கும், வேகமாகத் துடிக்கும் தடுப்பு நியூரான் ஒன்றின் பதிவைத் திறந்து, முதல் துடிப்பையும் கடைசித் துடிப்பையும் ஒப்பிடுங்கள். உயரம் அவ்வளவாகக் குறைந்திருக்காது. குழந்தைகளைத் தாக்கும் வலிப்பு நோயான டிராவே நோய்க்குறியில் பழுதாகும் சோடியம் கால்வாய் முக்கியமாக இத்தகைய நியூரான்களில்தான் இருக்கிறது. அந்தக் குறையுள்ள சுண்டெலிகளில் இவை பாதி வழியிலேயே தளர்ந்துவிடுகின்றன. மற்ற பல வலிப்புகளுக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் போன்ற, சோடியம் கால்வாய்களை அடைக்கும் மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பை அதிகமாக்கக்கூடும்; ஏற்கெனவே தளர்ந்த இந்த நியூரான்களை அவை மேலும் தளர்த்துவதே காரணம் என்று கருதப்படுகிறது.