சென்றியில் நின்றவனை யார் எழுதுவது?

சென்ற தவணை முடிவில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் பாடசாலைக்கு வந்தான். கையில் ஒரு பத்திரிகைத் துண்டு. படைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம். "சேர், ஆமிக்குப் போட்டுப் பாக்கவா? சம்பளம், சாப்பாடு, இருபத்திரெண்டு வருஷத்துல பென்ஷன். வாப்பாட வயல ஈட்டுல இருந்து மீட்டுடலாம்" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. தமிழ் படிப்பிக்கிறவனின் பழக்கதோஷம், மனம் முதலில் ஒரு புத்தகத்தைத்தான் தேடியது. நம் ஊர்ப் பையன் ஒருவன் சீருடை போட்ட கதை எங்கே இருக்கிறது? என் அலுமாரியில் இருக்கவில்லை. அந்த இல்லாமை பற்றியே இங்கு சில வார்த்தைகள்.

கிழக்கு முஸ்லிம்களின் கவிதையும் கதையும் போரைப் பேசாமல் விட்டதில்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஒரு சமூகமே வெளியேற்றப்பட்டது. இவற்றை எழுதிய பேனாக்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். தீரன் ஆர்.எம். நௌஷாத்தின் 'கொல்வதெழுதுதல் 90' அந்த வருடத்தைத் தலைப்பிலேயே சுமந்து வந்த நாவல். ஆயினும் நான் வாசித்தவரை, நமது பிரதிகளில் துப்பாக்கி பெரும்பாலும் மற்றவன் கையிலேயே இருக்கிறது. நம் கையிலும் ஒன்று இருந்தது. அதைப் பிடித்திருந்தவன் ஊர்காவற் படைக்காரன்.

1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது ஊர்காவற் படை. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம் பொலிஸாரும் அவர்களுள் இருந்தார்கள். ஆகஸ்ட் வந்தபோது ஊர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை. எங்கள் சாச்சாவும் அப்போதுதான் சேர்ந்தார். எனக்குப் பத்து வயது. எல்லோரும் அவரை ஊருக்காகப் போனவர் என்றார்கள். அவர் மட்டும், "வேல இல்ல மகன், அதான் போன" என்றே இன்றைக்கும் சொல்கிறார்.

மண்மூட்டை அடுக்கிய சென்றி, சொட்கன் ஒன்று, இரவு முழுக்க நாய்க் குரைப்பு. விடிந்தால் வட்டைக்குப் போகிறவர்களுக்குக் காவல். வேளாண்மை வெட்டி முடியும்வரை வரம்பில் நிற்க வேண்டும். மாதச் சம்பளம் சிறிது. ஆனால் தவறாமல் வந்தது. அந்தப் பணத்தில் வாங்கிய அரிசியை நானும் தின்றிருக்கிறேன். சென்றியில் கூட நின்ற சிங்களப் பொலிஸ்காரரிடம் அவர் சிங்களம் படித்தார். எங்கள் குடும்பத்தில் சிங்களம் சரளமாகப் பேசிய முதல் ஆள் அவர்தான். படைச் சேவை தருவது எது என்று என் மாணவன் கேட்டதற்கு இவையெல்லாம் பதில்தான். ஆனால் பாதிப் பதில்.

மற்றப் பாதியைச் சாச்சா சொல்வதில்லை. 1990 ஆகஸ்ட் 12 அன்று வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இராணுவத்தோடு முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அந்த மாதத்தைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "அத எழுதப் போகாத மகன்" என்று எழுந்து போய்விட்டார். அவர் அங்கு இருந்தாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. நமது இலக்கியத்தின் மௌனம் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பாதிக்கப்பட்டவனாக மட்டும் நம்மை எழுதிப் பழகிவிட்டோம். காவலுக்கு நின்றவனை எழுதினால் அவன் செய்ததையும், தடுக்காமல் நின்றதையும் எழுத வேண்டிவரும். அதனால் அவனைக் கதைக்கு வெளியே சென்றியிலேயே நிறுத்திவிட்டோம்.

மற்றவர்கள் இவ்விடயத்தில் எங்களைவிடத் துணிந்தவர்கள். கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இலேயே ஓர் இயக்கத்தின் உட்கொலைகளை உள்ளிருந்து பேசியது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. கலாசாலை விடுதியில் கைமாறி வந்த பிரதியை ஒரே இரவில் வாசித்தோம். இயக்கத்துக்கு ஓடிப்போகும் பையனுக்கு வீட்டிலிருந்தும் ஓடக் காரணம் இருக்கிறது என்பதை அதுதான் எனக்குச் சொன்னது. தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல், அவர் இறந்தபின் வெளிவந்தது. இவர்களோடு எனக்கு உடன்பாடும் உண்டு, முரண்பாடும் உண்டு. ஆனால் 'நான் சேர்ந்தேன்' என்று தொடங்கும் துணிச்சல் அங்கே இருக்கிறது.

மலையாளத்தில் பட்டாளக் கதை என்று ஒரு கிளையே உண்டு. கோவிலன், நந்தனார், பாறப்புறத்து மூவரும் படையில் வேலை செய்தவர்கள். வீட்டுக்கு அனுப்பும் மணியோடரும் பரக்கின் தனிமையும் அவர்களுக்கு இலக்கியமாயின. சிங்களத்தில் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' திரைப்படம் (1997) இன்னும் ஆழமானது. முத்திரையிட்ட பெட்டியில் மகனின் உடல் வந்திருக்கிறது என்கிறார்கள். கண் தெரியாத கிழவர் நம்ப மறுக்கிறார், நட்டஈட்டுக்குக் கையெழுத்துப் போடவும் மறுக்கிறார். வறண்ட கிராமத்துப் பையன் எதற்காகப் படைக்குப் போகிறான் என்பதை அரைகுறையாய் நிற்கும் வீட்டுச் சுவர் ஒன்று சொல்லிவிடுகிறது.

இதெல்லாம் மற்றவர்களின் மரபு என்று ஒதுக்கவும் முடியாது. இந்நாட்டு முஸ்லிம்களுக்குள்ளேயே பட்டாளத்து எழுத்து மரபு ஒன்று இருந்தது. இலங்கை ரைபிள் ரெஜிமெண்டின் மலாய்ச் சிப்பாய்களை பி.ஏ. ஹுசைன்மியா 'ஓராங் ரெஜிமென்' (1990) என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். அந்தச் சிப்பாய்கள் முகாம்களில் ஹிகாயத்துகளையும் ஷாயிர்களையும் படியெடுத்தார்கள், தாமும் பாடினார்கள். ரெஜிமெண்ட் 1873இல் கலைக்கப்பட்டது. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னரே பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அரபெழுத்தில் கொண்டுவந்துவிட்டார். கொம்பனித்தெருவின் சிப்பாய்ச் சமூகம் தன்னைத் தானே எழுதிக்கொண்டது. நூற்றைம்பது வருடங்களுக்குப் பின் கல்முனைக் கரையில் நாம் எழுதவில்லை.

பயம் ஒரு காரணம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வெடித்ததைக் கேட்டவர்கள் நாங்கள். அந்த வீட்டுக்குள் பிள்ளைகளும் மாண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் எங்கள் பெயரே எங்களுக்குச் சுமையானது. அன்று பன்னிரண்டு வயதாயிருந்த பையன்தான் இன்று விளம்பரத் துண்டோடு என் முன்னால் நிற்கிறான். சீருடைக்குள் போனால் சந்தேகம் தீரும் என்றும் அவன் நினைக்கிறானோ என்னவோ. இதைவிடப் பெரிய நாவல் பொருள் நமக்கு வேறென்ன வேண்டும்?

அந்த நாவல் வீரம் பாட வேண்டாம், வெட்கம் பாடவும் வேண்டாம். சம்பளச் சீட்டு இருக்கட்டும், சென்றியில் குடித்த தேத்தண்ணி இருக்கட்டும், சிங்களத்தில் கேட்ட முதல் ஏச்சும் முதல் அன்பும் இருக்கட்டும். 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று பெயர் மாறியபோது அவன் வாழ்வில் எது மாறியது என்பது இருக்கட்டும். வீரமுனையும் இருக்கட்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் காத்தான்குடியை எழுதியதற்கும் மரியாதை குறையும். சாச்சாவின் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் திண்ணையில் இருக்கும்போதே நம் எழுத்தாளர்கள் பக்கத்தில் போய் அமர வேண்டும்.

என் மாணவனுக்கு நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. 2030க்குள் இராணுவத்தை ஒரு இலட்சம் பேராகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்ததைச் சொன்னேன். சிங்களத்தை இப்போதே படி என்றேன். பிறகு அவனைச் சாச்சா வீட்டுக்கு அழைத்துப் போனேன். நான் கேட்டபோது எழுந்து போன மனிதர், அவன் கேட்டபோது எழுந்து போகவில்லை. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த மாசத்துல இருந்து சொல்ல?" என்று கேட்டார்.

நான் அன்று கொப்பி கொண்டு போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.