விலங்குடற்கூற்றியலில் இடக்குறிப்புச் சொற்கள்

உடற்கூற்றியல் கலைச்சொல்லாக்கத்தில் ‘முன்புறம்’ என்பதைப் பொதுச்சொல்லாக ஆள்வது மறுஆய்வுக்குரியது. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு முன்புறமாவது வயிற்றுப்புறம். நாற்கால் விலங்குக்கோ அது தலைப்புறம். மனித மருத்துவ வழக்கை அவ்வாறே கால்நடை நூலுக்கு ஏற்றின் பொருள் மயங்கும். அறுவைக் குறிப்பில் அம்மயக்கம் கத்தி படும் இடத்தையே மாற்றிவிடும். 1968இல் முதற்பதிப்புக் கண்ட பன்னாட்டுக் கால்நடை உடற்கூற்றுப் பெயர்த்தொகுதியின் வழக்கு, உடலின் இடங்களைத் தலை, வால் ஆகியவற்றைக் கொண்டே சுட்டுகின்றது. முன், பின் என்பன கண் முதலிய சிலவற்றுக்கே உரியன. தமிழிலும் தலைப்புறம், வாற்புறம், முதுகுப்புறம், வயிற்றுப்புறம் எனக் கொள்வதே தகும். தலையினுள் ‘தலைப்புறம்’ பொருந்தாமையின் ஆங்கு மூக்குப்புறம் எனல் வேண்டும். விலங்கு நிற்பினும் கிடப்பினும் இச்சொற்கள் பொருள் திரியா. விலங்குகளின் இளமைப்பெயர்களை வகைப்படுத்தி வரையறுத்த தொல்காப்பிய மரபியலின் நுட்பம், இடக்குறிப்புச் சொற்களுக்கும் வேண்டுவதாகும்.