பூட்டிய கட்டம்

இலங்கையின் டிக்கோயாத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவையை, பைதானின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதிய படிவத்தில் பதிவதாக வைத்துக்கொள்வோம். தராசு காட்டிய கிலோ ஒருமுறை ஏறிவிட்டால், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைப் பார்ப்பவர்கள் அதைப் படிக்கலாம், கைவைக்கக் கூடாது. கொழுந்தெடுத்த பெண்ணுக்கு அன்று முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள் சம்பளம்) என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

எச்டிஎம்எல்லில் 'ரீட்ஒன்லி' என்று போட்டால் கட்டம் பூட்டியதுபோலத் தெரியும். உலாவியின் டெவலப்பர் கருவியில் அந்தச் சொல்லை அழித்தால் போதும், 18 கிலோ 13 ஆகிவிடும். சர்வரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

2015 டிசம்பரில் வந்த ஜாங்கோ 1.9, படிவப் புலத்துக்கு 'டிஸேபிள்ட்=ட்ரூ' என்பதைத் தந்தது. திரையில் கட்டம் மங்குவது சின்ன விஷயம். அழகு பின்னால் நடப்பதில் இருக்கிறது: உலாவி எதை அனுப்பினாலும் படிவம் அதைச் சட்டை செய்யாது, ஏற்கெனவே இருந்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்திகூடக் கிடையாது. எத்தனை நிதானமான காவல்! புதிய நிறுவைக்குத் திறந்தும் பழையதற்குப் பூட்டியும் வைக்க, படிவத்தின் 'இனிட்' பகுதியில் 'இன்ஸ்டன்ஸ்' முன்பே சேமிக்கப்பட்டதா என்று பார்க்கும் ஒரு நிபந்தனை போதும்.

ஜாங்கோவின் அட்மின் பக்கத்துக்கு 'ரீட்ஒன்லி_ஃபீல்ட்ஸ்' 2010இலேயே, 1.2 பதிப்பில் வந்துவிட்டது. அங்கே கட்டமே வராது, எண் வெறும் எழுத்தாக நிற்கும்.

தராசே பிழையாகக் காட்டியிருந்தால்? அதற்குத் தனி அனுமதியோடு இன்னொரு படிவம் வையுங்கள். பழைய எண்ணும் திருத்தியவர் பெயரும் பக்கத்திலேயே இருக்கட்டும்.