நந்தனத்து ராத்திரிக்கு ஒரு வெள்ளைக் குடை

ஜனவரியில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பதிப்பாளர் சங்கமான பபாசியின் புத்தகக் காட்சி நடக்கும்போது மாலைக் கூட்ட மேடைக்கு முன்னால் நிற்கும் கேமராக்களைப் பாருங்கள். கேமராவின் தலையில் ஃப்ளாஷ், அதன் தலையில் வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம். அந்தக் கிண்ணம் வெளிச்சத்தை மென்மையாக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அறைக்குள் அது பாதி உண்மை. கிண்ணம் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. சுவரும் கூரையும் அதை வாங்கித் திருப்பித் தருகின்றன. முகத்தில் விழும் மென்மை சுவரின் உபயம். திறந்த மைதானத்தில் வானம் எதையும் திருப்பித் தராது. பேட்டரியின் பெரும்பங்கு மரத்துக் காக்கைகளுக்குப் போக, மிச்சம் மட்டும் பேச்சாளரின் நெற்றிக்கு வருகிறது, கிண்ணம் இல்லாதபோது இருந்த அதே கடுமையோடு. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ஃப்ளாஷாலும் இதை மாற்ற முடியாது. அதனால்தான் இந்த விமர்சனத்தில் ஃப்ளாஷையும் அதன் முன்னால் மாட்டும் துணியையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது. ஃப்ளாஷ்: கோடாக்ஸ் டிடி600. துணி: ஊடுருவி அடிக்கும் 43 அங்குல வெள்ளைக் குடை.

டிடி600 எளிமையான கருவி. நான்கு ஏஏ பேட்டரி, உள்ளேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, முழுத் திறனிலிருந்து 128-ல் ஒரு பங்கு வரை கையால் கூட்டிக் குறைக்கும் வசதி. வெளிச்சத்தைத் தானே அளந்து கொடுக்கும் டிடிஎல் கிடையாது. ஃப்ளாஷின் வீச்சைச் சொல்லும் 'கைடு நம்பர் 60' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஜூமை 200 மி.மீ.க்குக் குறுக்கி, வெளிச்சத்தைக் குழாய்போல ஒடுக்கி அளந்த எண். குடைக்குள் அடிக்க ஜூமை 35 மி.மீ. பக்கம் விரித்தாக வேண்டும். எண் ஏறத்தாழ 30-க்கு இறங்கிவிடும். குடைத்துணி இன்னொரு ஒன்றரை ஸ்டாப்பை விழுங்கும். மிஞ்சுவது 18. கேட்க ஏமாற்றமாக இருக்கும், ஆனால் குடையை முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 என்று வைத்தால் தேவைப்படுவது முழுத் திறனில் 16-ல் ஒரு பங்குதான். அந்த அளவில் ஃப்ளாஷ் அடுத்த படத்துக்குக் கண நேரத்தில் தயாராகிவிடும், ஒரு செட் பேட்டரி கல்யாண வரவேற்பு முழுக்கத் தாங்கும், சூடேறித் தானாக நின்றுபோகும் தொல்லையும் இல்லை. குடை விழுங்கும் வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோய் வைப்பது மீட்டுக் கொடுத்துவிடுகிறது.

மென்மைக்கும் துணியின் தடிமனுக்கும் தொடர்பு குறைவு. படமெடுக்கப்படுபவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கேள்வி. சூரியன் நமக்கு அரை டிகிரி அகலம். உச்சி வெயிலின் நிழல் கத்தியால் அறுத்ததுபோல விழுவது அதனால். 7 செ.மீ. அகல ஃப்ளாஷ் முகப்பு 3 மீட்டர் தொலைவில் ஒன்றரை டிகிரிக்கும் குறைவு. 10 செ.மீ. கிண்ணத்தை மாட்டினாலும் இரண்டு டிகிரியைத் தொடாது. ஒரு மீட்டர் விரியும் குடை ஒன்றரை மீட்டரில் நின்றால் சுமார் 37 டிகிரி. கிண்ணத்தையும் குடையையும் 'டிஃப்யூசர்' என்ற ஒரே பெயரில் கடைக்காரர் விற்பது அவருடைய வசதிக்காக. விளக்கைத் துணியால் பெரிதாக்கும் வித்தை சினிமாவுக்குப் பழையது: 1956-ல் வந்த 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி அதில் விளக்குகளை அடித்துத் திருப்பினார். விளக்குகள் அதேதான், முற்றத்துக்கு வானம் கிடைத்தது. கோடம்பாக்கம் இன்றைக்கும் தெர்மாகோல் பலகையை வைத்து அதே வேலையைச் செய்கிறது. கல்யாணப் புகைப்படத்துக்குத்தான் அந்த ஞானம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஐரோப்பிய முகத்தைவிட நம் முகத்துக்கு இந்தக் குடைத்துணி அதிகம் தேவை. தோலின் மேற்பரப்பும் அதன் மேலிருக்கும் எண்ணெயும் வேர்வையும் விழும் வெளிச்சத்தில் 4, 5 சதவீதத்தைக் கண்ணாடிபோல அப்படியே திருப்பி அனுப்புகின்றன. நிறம் எதுவானாலும் இந்த அளவு மாறாது, ஏனென்றால் மெலனின் அதற்குக் கீழே இருக்கிறது. வெளிர் தோலில் உள்ளிருந்து சிதறிவரும் வெளிச்சம் ஏராளம். அதன் நடுவே இந்த 5 சதவீதம் தொலைந்துபோகும். மாநிறத்திலும் கறுப்பிலும் உள்ளொளி குறைவு, எனவே அந்தப் பளபளப்பு துருத்திக்கொண்டு நிற்கும். சின்ன ஃப்ளாஷ் அதை நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பொட்டாக வைக்கிறது. குடை அதே 5 சதவீதத்தைக் கன்னத்தின் வளைவு முழுக்கப் பரப்பி, முகத்துக்கு உருவம் கொடுக்கிறது. கறுப்புத் தோல் மின்னும் அழகே இந்தப் பரப்பில்தான் இருக்கிறது. அதைப் பொட்டாக்கிவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் 'கலர் ஏற்றி' மணப்பெண்ணை வெளுப்பாக்கும் பழக்கத்தில் பாதி ரசனைக் கோளாறு, மீதி விளக்குக் கோளாறு. சரிகைக்கும் தங்கத்துக்கும் இது இன்னும் கறாராகப் பொருந்தும். உலோகம் எதிரே இருப்பதைத்தான் காட்டும். காசுமாலைக்கு எதிரே சின்ன விளக்கு இருந்தால் காசெல்லாம் கறுத்து, ஆங்காங்கே ஒரு புள்ளி எரியும். வெள்ளைக் குடை இருந்தால் ஒவ்வொரு காசும் பொன்னாகவே தெரியும்.

நகை மின்ன வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயம். வைரத்துக்கும் கல் பதித்த நகைக்கும் சின்ன விளக்குதான் வேண்டும், தி.நகர் கடைகளில் வைரத்தின் மேல் ஊசி வெளிச்சம் அடிப்பது சும்மா இல்லை. நெற்றிச்சுட்டிக் கல் பேச வேண்டுமென்றால் குடைக்குத் துணையாக, துணி எதுவும் மாட்டாத இன்னொரு ஃப்ளாஷைப் பின்பக்கமிருந்து மிகக் குறைவாக விட்டால் போதும். இரண்டாவது டிடி600 வாங்க விலை இடம்கொடுக்கிறது என்பதே இந்தக் கருவியின் பெரிய தகுதி.

டிடிஎல் இல்லாத ஃப்ளாஷை வைத்துக்கொண்டு கல்யாணத்தில் என்ன செய்வது என்பது அடுத்த ஆட்சேபம். வரவேற்பு மேடையில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். முந்நூறு குடும்பங்கள் வரிசையில் வந்து, ஒரே இடத்தில் நின்று, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். தூரம் மாறுவதில்லை. மாறுவது உடைதான்: வெள்ளை வேட்டிக்காரர் நால்வர் நின்றால் டிடிஎல் வெளிச்சம் மிகுந்ததாக நினைத்துக் குறைக்கும், அடுத்து மெரூன் பட்டுப் புடவைகள் வந்தால் கூட்டும். மாமாவின் முகம் இருண்டும் அத்தையின் முகம் வெளுத்தும் ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் வரும். கையால் ஒருமுறை வைத்த அளவு இந்த வேலைக்கு அதைவிட நம்பகமானது. கும்பலாக நிற்கும்போது குடையைப் பின்னுக்குத் தள்ளித் திறனைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எல்இடி விளக்கே போதும், வீடியோவுக்கும் ஆச்சு என்பவர்களுக்குக் கணக்கு இடிக்கிறது. 60 வாட் எல்இடி, நூறில் ஒரு விநாடி ஷட்டருக்குள் செலவழிப்பது 0.6 ஜூல் மின்சாரம். இந்த ரக ஃப்ளாஷ் 16-ல் ஒரு பங்கிலேயே 4 ஜூலுக்கு மேல் கொட்டுகிறது. வெளிச்சமாக்குவதில் எல்இடி கெட்டிக்காரன் என்பதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி சில மடங்கு. அந்தக் குறையை ஈடுகட்ட விளக்கின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். மாப்பிள்ளை மூன்று மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். மேலும், குறைந்த திறனில் ஃப்ளாஷின் மின்னல் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறுகியது. ஷட்டரைக் கூட்டிச் சுற்றுவெளிச்சத்தை அடக்கிவைத்தால், எறியப்பட்ட அட்சதை காற்றில் மணிமணியாக நிற்கும்.

குடை தோற்கும் இடங்களும் உண்டு, மழுப்பாமல் சொல்லிவிடலாம். முகூர்த்த நேரத்தில் மணவறையைச் சுற்றி ஸ்டாண்ட் போட்டால் உறவினர்களே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். தாலி கட்டும் அந்த அரை நிமிடத்துக்குக் கேமரா மேல் டிடிஎல் உள்ள வேறு ஃப்ளாஷும் அதைக் கூரையில் அடிக்கும் உத்தியுமே வழி. அதுவும் கூரை வெள்ளையாக, அதிக உயரமில்லாமல் இருந்தால். மஞ்சள் துணி கட்டிய மண்டபக் கூரை எல்லோருக்கும் காமாலை கொடுத்துவிடும். நந்தனம் மைதானத்தில் மாலை கடற்காற்று எழும்பினால் குடை பாய்மரமாகிவிடும். ஸ்டாண்டின் காலில் 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள், அல்லது லைட் பாய் கையில் கம்போடு கொடுங்கள். உச்சி வெயிலில் வெயிலோடு போட்டிபோட ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 200-ல் ஒரு விநாடி என்றால் இந்த ஃப்ளாஷ் முழுத் திறனில் மூச்சுவாங்கும். ஷட்டரை அதைவிட வேகமாக்க உதவும் அதிவேக ஒத்திசைவு கோடாக்ஸ் ட்ரிகரால் தூரத்திலிருந்து இயக்கும்போது மட்டுமே கிடைக்கிறது, திறனையும் தின்னும். பகல் வேலையே பிழைப்பு என்றால், ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆற்றல் உள்ள கோடாக்ஸ் ஏடி200-ஐ வாங்குங்கள். குடை அதற்கும் அதேதான்.

பணத்தைப் பிரிக்கும் வரிசை: முதலில் கனமான ஸ்டாண்ட், பிறகு ட்ரிகர், குடை, கடைசியில் ஃப்ளாஷ். பேட்டரி நிக்கல் ரகமாக இருக்கட்டும். அல்கலைன் போட்டால் இரவு எட்டு மணிக்கே படத்துக்குப் படம் காத்திருக்க நேரும். குடை மட்டும் நிரந்தரம் இல்லை. கம்பி வளையும், வெள்ளைத் துணி நாளடைவில் பழுப்பேறும், வெளிச்சமும் அதோடு மஞ்சளாகும். இரண்டு குடைகளை வெவ்வேறு ஆண்டில் வாங்கி ஒரே மேடையில் இரு பக்கமும் நிறுத்தாதீர்கள். மாப்பிள்ளை ஒரு நிறம், பெண் ஒரு நிறம் என்றாகிவிடும்.