சிவப்பு மாத்திரைக்கு மதிப்பில்லை

சத்து மாத்திரை என்ற ஒரே பேரில் இரண்டு வேறு பழக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. உடம்பில் இன்ன சத்து குறைகிறது என்று பார்த்துக் கொடுப்பது ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று நாமே வாங்கி விழுங்குவது இன்னொன்று. ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினம் மாதிரி ஊர்களில் கர்ப்பிணிகளுக்கு நர்சம்மா இலவசமாகக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை முதல் வகை. மெடிக்கலில் அடுக்கியிருக்கும் மீன் எண்ணெய் மாத்திரை, சுருள்பாசி, ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட டப்பா எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் வகை. காசு கொடுத்து வாங்குவதற்கு இருக்கும் மரியாதை சும்மா கிடைப்பதற்கு இல்லை. மருத்துவச் சான்றோ சும்மா கிடைப்பதன் பக்கம்தான் உறுதியாக நிற்கிறது.

ஆன்டிஆக்சிடன்ட் மீதான நம்பிக்கை வெறும் விளம்பரத்தில் பிறந்ததல்ல. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களைச் சிதைப்பதால்தான் முதுமை வருகிறது என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்னார். காய்கனி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோயும் மாரடைப்பும் குறைவு என்பதையும் ஆய்வாளர்கள் கவனித்திருந்தார்கள். அப்படியானால் அந்தக் காயில் இருக்கும், ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டுகளான பீட்டா கரோட்டினையும் விட்டமின் ஈ-யையும் தனியே எடுத்துக் கொடுத்தால் என்ன? நியாயமான கேள்வி. நேர்மையாகச் சோதித்தும் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 சதவீதம் கூடியிருந்தது. 1996-இல் அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வு ஒன்றை, பாதிப்பு அதிகமாவது தெரிந்து, பாதியிலேயே நிறுத்தினார்கள். விட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் மற்றொரு பெரிய ஆய்வு காட்டியது. ஃப்ரீ ராடிக்கல் முழுக்க எதிரியுமல்ல. கிருமிகளைக் கொல்ல வெள்ளையணுக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

இந்த விஷயத்தில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. 1947-இல் தொடங்கி மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் கொச்சிக்கு இடம்பெயர்ந்தது. கடல்பாசியிலிருந்து மூட்டுவலி முதலியவற்றுக்கு ‘கடல்மின்’ என்ற பேரில் சத்துப்பொருள்களை உருவாக்கியது அந்த நிலையம்தான். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியவற்றில் ஆன்டிஆக்சிடன்ட் இருப்பதாக ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வரும் சோதனை இது: அடர் ஊதா நிறக் கரைசலில் பாசிச் சாற்றை விடுகிறார்கள், ஊதா வெளுத்து மஞ்சளானால், சாற்றுக்கு ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் ஆற்றல் உண்டு. சோதனை சரிதான். ஆனால் நிறம் மாறியது கண்ணாடிக் குழாயில். அந்தச் சாறு குடலில் செரித்து, கல்லீரலைக் கடந்து, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது, சேர்ந்து யாருக்கு எந்த நோயைத் தடுத்தது என்பதெல்லாம் அந்தக் குழாயில் தெரியாது. பீட்டா கரோட்டினும் குழாயில் நன்றாகத்தான் வேலை செய்தது.

மீன் எண்ணெய் மாத்திரைக்கு வருவோம். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை மொத்தமாகக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. மீன் குறைவாகச் சாப்பிடுகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் தென்பட்டது. சாளையும் நெத்திலியும் கரையிறங்கும் ஊரில், வாரம் இரண்டு மூன்று நாள் மீன் குழம்பு வைக்கும் வீட்டில், அந்த மஞ்சள் மாத்திரைக்கு என்ன வேலை? முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் கால்சியமும் சேர்த்தே கிடைக்கிறது.

அதற்காக, பாரம்பரியச் சாப்பாடே போதும், மாத்திரையே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறது. உடம்பு அதில் சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. சைவ உணவில் பால் பொருள் தவிர்த்து பி12 கிடைப்பது அரிது. கரு உண்டாகும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், முன்பு தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தை பெற்ற தாய்மாரின் அடுத்த குழந்தைக்கு அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் பிரிட்டிஷ் ஆய்வு நிரூபித்தது. இதே மாவட்டத்தில் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம் அயோடின் கலந்து உப்பு தயாரிக்கிறது. இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பும் அங்கே உண்டு. சத்துக் கூட்டும் முறையில் இதைவிட மலிவானது, பேசப்படாதது வேறில்லை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மீனும் கீரையும் உள்ள மாநிலத்தில் இந்த நிலை. அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. கர்ப்பத்தில் 180 நாள் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் மலம் கறுக்கும், சிலருக்குக் குமட்டும், வயிறு பிடிக்கும். இதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்றால் பயந்து நிறுத்திவிடுவார்கள். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற பயமும் இருக்கிறது. இந்த இலவச மாத்திரைத் திட்டத்தின் குறையே இங்கேதான். அட்டையைக் கையில் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுகிறது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ குடிக்க வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும், குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள் என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதும். ரத்தசோகை எல்லாம் இரும்புக் குறைவும் அல்ல. பி12 குறைவு, பரம்பரைக் கோளாறு என்று காரணம் வேறாக இருந்தால் எத்தனை அட்டை தின்றாலும் ரத்தம் ஏறாது. சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

தனியார் டப்பாக்களை வாங்குகிறவருக்கு இந்த ரத்தச் சோதனையும் கிடையாது. மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல என்று லேபிளில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த வரி கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் வருகிறது. இந்தியச் சந்தையில் விற்ற 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் பொருத்தமில்லை. தலைமுடிக்கு என்று விற்கும் பயோட்டின், தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே குழப்பிவிடும். கடல்பாசி மாத்திரையில் அயோடின் அதிகமிருந்தால் தைராய்டு நோயாளிக்குப் பாதிப்பு. கடையில் இதைச் சொல்லி விற்பவர் அபூர்வம்.

திருவாடானைப் பக்கம் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை வரும், நம் பாசியிலிருந்து புதிய சத்துப்பொருள்களும் வரலாம், வரட்டும். ஆனால் டப்பாவில் எழுதும் ஒவ்வொரு பலனுக்கும் மனிதர்களிடம் சோதித்த முடிவை வெளியிட வேண்டும் என்று அரசு இப்போதே நிபந்தனை போட வேண்டும். கூடவே, அந்தப் பாசியை முங்கி எடுக்கும் பெண்களுக்கு வருஷம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்க ஏற்பாடு வேண்டும். 12 கிராமுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்து, உரிய மாத்திரையை நர்சம்மா உட்கார்ந்து பேசிக் கொடுக்கட்டும்.